கைக்குழந்தைக்கு வாயு: கிரைப் வாட்டர், சொட்டு மருந்து, ஓமத் தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை டாக்டர் கிளினிக்குக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவனிடம் மருந்துச் சீட்டைவிடக் கேள்விகள்தான் அதிகம் வரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்று வாயு பற்றி வராத நாளே இல்லை. கேட்பவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கவுண்டரில் சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரித்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது.

“சாயங்காலம் ஆனா காலை மடக்கி மடக்கி வீறிட்டு அழுவுது. வாயுதானே அண்ணே?”

இருக்கலாம். வயிறு லேசாக உப்பி, முகம் சிவந்து, முக்கி முக்கி அழுது, காற்றுப் பிரிந்ததும் அடங்கினால் வாயு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக நின்றுபோகிற மாலை நேர அழுகை ஒன்று உண்டு. டாக்டர்கள் கோலிக் என்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரம் அழுதால் கோலிக் என்று 1954ல் வெசல் என்ற அமெரிக்க மருத்துவர் போட்ட கணக்கை இன்றும் சொல்கிறார்கள்.

இந்த அழுகைக்கு வாயுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. அழும்போது குழந்தை காற்றை விழுங்கும், விழுங்கியது பிறகு கீழே பிரியும். வாயு வந்து அழுததா, அழுது வாயு வந்ததா என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம்.

மருந்து தேடுவதற்கு முன் துணியைக் கழற்றி ஒருமுறை முழுசாகப் பாருங்கள். நனைந்த துணி, புழுக்கம், எறும்புக்கடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முடி கொட்டும். அதில் ஒரு முடி விரலைச் சுற்றி இறுக்கியிருந்தால் விரல் வீங்கிச் சிவந்து, குழந்தை நிற்காமல் அழும். அதுக்குக் கிரைப் வாட்டர் கொடுத்து என்ன பிரயோஜனம்?

“கிரைப் வாட்டர்ல என்னதான் இருக்கு?”

பொதுவாக மூன்று சரக்கு. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, இனிப்பு. மீதி தண்ணீர், கெடாமலிருக்கப் பதப்படுத்தும் பொருள். சில கம்பெனிகள் சோம்பு, இஞ்சி, ஓமம் சேர்க்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பெயரைப் பார்த்து வாங்காமல் பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். சர்க்கரை, ஆல்கஹால், அன்னாசிப்பூ எண்ணெய் இல்லாததாக இருக்கட்டும். அன்னாசிப்பூவோடு அதே ஜாதியைச் சேர்ந்த ஜப்பானிய விஷப்பூ கலந்துவிட்டால் வலிப்பு வரும். அன்னாசிப்பூக் கஷாயம் குடித்த குழந்தைகளுக்கு இப்படி வந்ததால்தான் 2003ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது.

“நான், என் தம்பி, என் புருஷன் எல்லாருமே அதைக் குடிச்சு வளர்ந்தவங்கதான். இப்ப மட்டும் ஏன் வேண்டாங்கிறாங்க?”

இது இங்கிலாந்துச் சரக்கு. 1851ல் நாட்டிங்ஹாம் ஊரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் தயாரித்தது. அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் குழந்தைகளுக்கு வந்த காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தைப் பார்த்து, அந்த வழியில் இதைச் செய்தார். பழைய தயாரிப்பில் 3.6 சதவீதம் ஆல்கஹால் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. குடித்த குழந்தை சொக்கித் தூங்கியதற்கு எது காரணம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1990களின் தொடக்கத்தில் ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் சொன்ன மருந்து, விட்டமின் சொட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் இவைதான் விதிவிலக்கு. பிறந்த குழந்தையின் இரைப்பை சின்னது. அதில் இனிப்புத் தண்ணீர் போனால் அத்தனை பால் குறையும். பால் குடிப்பது குறைந்தால் அம்மாவுக்குச் சுரப்பும் குறையும். அப்புறம் சுத்தம். 2007ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் கிரைப் வாட்டரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்து, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். மூடி போட்டு முத்திரை வைத்த பாட்டிலிலேயே இது நடக்கும்.

“சுத்தி வளைக்காம சொல்லுங்க, கொடுக்கலாமா கூடாதா?”

ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது. மற்ற குழந்தைக்கு, நல்ல கம்பெனியின் ஆல்கஹால் இல்லாத கிரைப் வாட்டரை லேபிளில் போட்ட அளவுக்கு எப்போதாவது கொடுத்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வேளாவேளைக்குக் கொடுப்பதுதான் வேண்டாம். சோடா உப்பு தொடர்ந்து உள்ளே போனால் ரத்தத்தில் கார, அமிலச் சமநிலை கெடும். நான் விற்பவன். விற்பவனே சொல்கிறேன், அதனால் அழுகை குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

“டாக்டர் எழுதின கேஸ் சொட்டும் கிரைப் வாட்டரும் ஒண்ணுதானா?”

இல்லை. கேஸ் சொட்டில் முக்கியமான சரக்கு சிமெத்திகோன். சிலிக்கான் சார்ந்த பொருள். வயிற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்ன நுரைக்குமிழ்களை உடைத்துப் பெரிதாக்கும், பெரிய குமிழ் ஏப்பமாகவோ கீழேயோ சுலபமாக வெளியேறும். ரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு போய்விடும். அதனால்தான் டாக்டர்கள் தைரியமாக எழுதுகிறார்கள். பல சொட்டுகளில் சதகுப்பை, சோம்பு எண்ணெயும் துளியளவு சேர்த்திருப்பார்கள், வாசனை ஒரே மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆபத்து குறைவு என்றேனே தவிர, பலன் நிச்சயம் என்று சொல்லவில்லை. 1994ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 83 குழந்தைகளுக்குச் சிமெத்திகோனையும், மருந்தே இல்லாத போலிச் சொட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். போலிச் சொட்டைவிட மருந்து ஒன்றும் மேலாக இல்லை.

“இங்க் பில்லர்ல கோடு போட்டிருக்கு, டாக்டர் சொட்டுக் கணக்கு சொன்னார். எதை எடுத்துக்கிறது?”

சீட்டைக் கொண்டுவாருங்கள், நான் கோட்டில் மார்க்கர் வைத்துக் கொடுக்கிறேன். உங்கள் ஊர்க் கடைக்காரரும் கேட்டால் செய்வார். தண்ணீராக இருக்கும் மருந்து ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. ஆனால் சிமெத்திகோன் சொட்டு கொழகொழவென்று இருக்கும், சொட்டு பெரிதாக விழும், கணக்குத் தப்பும். அதனால் மில்லிக் கோடு இருந்தால் கோடுதான் பேச்சு. 0.5 என்பதை 5 என்று படித்துவிட்டு மூடி நிறைய ஊற்றினவர்கள் உண்டு. புள்ளி இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்காவிட்டால் முதல் வாரம் தண்ணீரும் கடைசி வாரம் கெட்டி மருந்தும் கொடுப்பீர்கள். வீட்டு டீஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒரு வீட்டு ஸ்பூனில் மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்றில் ஏழு. இன்னொரு விஷயம்: விட்டமின் டி சொட்டின் பில்லரை இதற்குப் போடுவதும், இதன் பில்லரை அதற்குப் போடுவதும் கூடாது. விட்டமின் டி ஒரு நாளைக்கு 400 யூனிட். ஒரு மில்லியில் 400 இருக்கும் பாட்டிலும் உண்டு, 800 இருக்கும் பாட்டிலும் உண்டு. அந்தந்த பில்லர் அந்தந்த பாட்டிலுக்குத்தான்.

“பாலாடையில ஊத்தலாமா? அழுவுறப்ப கொடுத்தா பாதி வெளியே வந்துடுது.”

பாலாடை, சங்கு எதுவும் தப்பில்லை. கொதிக்க வைத்த பாத்திரமாக இருக்க வேண்டும், மூக்குப் பக்கம் பால் காய்ந்து ஒட்டியிருக்கக் கூடாது. ஆனால் அரை மில்லி மருந்தைப் பாலாடையில் ஊற்றினால் பாதி பாலாடையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கு பில்லர்தான் சரி.

அழும்போது கொடுக்காதீர்கள். வாயை ஆவென்று திறந்து மூச்சை இழுக்கிற நேரத்தில் ஊற்றினால் புரையேறும். குழந்தையைத் தூக்கி, தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து, பில்லர் நுனியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துத் துளித்துளியாக விடுங்கள். ஒவ்வொரு துளியையும் விழுங்கட்டும். மூக்கைப் பிடித்து ஊற்றுவதை இன்னும் சில வீடுகளில் பார்க்கிறேன், அது மருந்தை நேரே நுரையீரலுக்கு அனுப்புகிற வேலை. துப்பிவிட்டால் மறுபடி முழு அளவு கொடுக்க வேண்டாம், அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

“வீட்லயே ஓமம் கொதிக்க வச்ச தண்ணி, அதுல என்ன தப்பு?”

பெரியவர்களுக்குத் தப்பில்லை. கைக்குழந்தைக்கு இரண்டு சங்கடம். ஓமத்தில் இருக்கும் தைமால் காரமான சரக்கு, கைப்பிடி ஓமத்தை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறும். அளந்து கொடுக்க வழியே இல்லை. இரண்டாவது, காலையில் வைத்த தண்ணீரை ராத்திரி வரை வைத்துக் கொடுப்பது. தாய்ப்பால் விஷயத்தில் மேலே சொன்னதும் இதற்குப் பொருந்தும். தெருவில் பாட்டிலில் விற்கும் ஓமத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பாலூட்டும் அம்மா வேண்டுமானால் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கட்டும். அம்மாவின் வயிறு லேசாகும், குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

“எங்க அம்மாச்சி குளிப்பாட்டின உடனே உரைமருந்து நாக்குல தடவுறாங்க. நிறுத்தச் சொன்னா சண்டை வருது.”

சண்டை வரும், தெரியும். அந்தக் கல்லில் வசம்பு ஒரு இழை, ஜாதிக்காய் ஒரு இழை, மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று தாய்ப்பாலில் உரைத்து எடுக்கிற கைக்கு ஓர் அனுபவக் கணக்கு உண்டு. அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் சரக்கைப் பார்ப்போம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஜாதிக்காய் கூடினால் குழந்தை மயங்கித் தூங்கும். அம்மாச்சி அதை மருந்து வேலை செய்கிறது என்பார். டாக்டர் பார்த்தால் விழிப்பு வருகிறதா என்று தட்டிப் பார்ப்பார்.

வீட்டில் சொல்வதற்கு ஒரு வழி: “ஆறு மாசம் ஆகட்டும் அம்மாச்சி, அப்புறம் சித்த மருத்துவர்கிட்ட கேட்டு அவர் சொல்ற அளவுல கொடுப்போம்.” அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே பட்டம் பெற்ற சித்த மருத்துவரே இருப்பார். அவர் வார்த்தைக்கு அம்மாச்சியிடம் மதிப்பு இருக்கும். அதுவரை குளிப்பாட்டுவது, எண்ணெய் தடவுவது, காலை நீவிவிடுவது எல்லாம் அவர் கையிலேயே இருக்கட்டும். உண்மையில் பலன் கொடுப்பது அந்தக் கைதான்.

வசம்பு மணிகளைக் கையில் வளையலாகக் கட்டுவதும் உண்டு. நூல் அறுந்து ஒரு மணி வாய்க்குப் போனால் தொண்டையை அடைத்துவிடும், அதை மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்.

“பெருங்காயம் தொப்புளைச் சுத்திப் போடலாமா? விளக்கெண்ணெய் ஒரு சொட்டு?”

தொப்புள் கொடி விழுந்து காய்ந்த பிறகு, பெருங்காயத்தைக் குழைத்து மேலே பற்றுப் போடுவதால் பெரிய கெடுதல் இல்லை. தோல் சிவந்தால் கழுவிவிடுங்கள். உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், பெருங்காயம் கொடுத்த கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு சுமக்கும் திறன் கெட்டு உடம்பு நீலம் பாரித்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கற்பூரம் கலந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரும்.

விளக்கெண்ணெயை வாயில் விடாதீர்கள், மூக்கிலும் விடாதீர்கள். பேதி ஒரு பக்கம் இருக்கட்டும், எண்ணெய் புரையேறி நுரையீரலில் இறங்கினால் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து வாரக்கணக்கில் படுத்தும், சாதாரண ஆன்டிபயாடிக்கில் கேட்காது.

“தேன் தொட்டு வைக்கலாமா? சர்க்கரைத் தண்ணி?”

ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது, மலைத்தேனும் கூடாது, கொதிக்க வைத்த தேனும் கூடாது. கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கிற பொட்டுலிசம் என்ற நோயின் கிருமி வித்து அதில் இருக்கலாம், வீட்டு அடுப்புச் சூட்டில் அது சாகாது. சர்க்கரைத் தண்ணீர் குழந்தையை ஒரு நிமிடம் சமாதானப்படுத்தும், வாயுவுக்கு அதில் ஒன்றுமில்லை.

“மூத்தவனுக்கு வாங்கின வயித்துவலிச் சொட்டு பாதி பாட்டில் இருக்கு. சின்னவளுக்கு ரெண்டு மாசம். கொஞ்சமா கொடுக்கட்டுமா?”

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பாட்டிலை எடுத்து “டைசைக்ளோமின்” என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொடக் கூடாது. குடலின் இழுப்பைத் தளர்த்துகிற மருந்து அது. ஒருகாலத்தில் கோலிக்குக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள், அழுகையும் நின்றது. ஆனால் சில கைக்குழந்தைகளுக்கு மூச்சு நின்றது, வலிப்பு வந்தது, மயக்கம் வந்தது. அதன் பிறகுதான் ஆறு மாதத்துக்குக் கீழே தடை. சிக்கல் என்னவென்றால் டைசைக்ளோமினும் சிமெத்திகோனும் சேர்ந்த சொட்டுகள் நம் ஊரில் உண்டு. அட்டைப்பெட்டியும் பில்லரும் வெறும் கேஸ் சொட்டைப் போலவே இருக்கும். பெயரின் முதல் பாதியைச் சொல்லி “அந்த வயித்துவலிச் சொட்டு கொடுங்க” என்று கேட்காதீர்கள். குழந்தையின் வயதைச் சொல்லிக் கேளுங்கள், கடைக்காரர் வயதைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் நீங்களே சொல்லுங்கள்.

திறந்து பல மாதமான பாட்டில் எதுவாக இருந்தாலும், தேதி பாக்கி இருந்தாலும், குப்பைக்குப் போகட்டும்.

“நான் உருளைக்கிழங்கு சாப்பிட்டதாலதான் பிள்ளைக்கு வாயுன்னு மாமியார் சொல்றாங்க.”

உங்கள் குடலில் உண்டாகும் காற்று பாலில் வராது. பத்தியம் என்று கிழங்கு, பருப்பு, கீரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ரசம் சோற்றோடு நின்றால் நீங்கள்தான் சோர்ந்துபோவீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் விசாரிக்கத் தக்கது: பசும்பால். சில குழந்தைகளுக்கு அம்மா குடிக்கும் பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாது. மலத்தில் சளியோ ரத்தக் கோடோ இருக்கும், தோலில் கரப்பான் இருக்கும். அப்படியிருந்தால் டாக்டரிடம் சொல்லி, இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர் நிறுத்திப் பார்ப்பார்கள்.

“கொடுத்த அஞ்சாவது நிமிஷம் கப்புன்னு அடங்கிடுச்சு. அப்ப வேலை செய்யுதுதானே?”

என்ன நடந்தது என்று பாருங்கள். படுத்துக் கிடந்தவளைத் தூக்கினீர்கள், நிமிர்த்தி உட்கார வைத்தீர்கள், நாக்கில் இனிப்புப் பட்டது, சப்பி விழுங்கினாள், நடுவில் ஒரு ஏப்பம் வந்தது. இதில் அடங்குவதற்கு மருந்து வயிற்றுக்குள் வேலை செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. போலிச் சொட்டில் குழந்தைகள் அடங்கியதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

“சரி, ஒண்ணுமே கொடுக்காம எப்படித்தான் வாயுவை வெளியேத்துறது?”

பால் கொடுத்து முடிந்ததும் மட்டுமல்ல, நடுவிலும் ஒருமுறை ஏப்பம் எடுங்கள். தோளில் போட்டுத் தட்டுவது ஒரு வழி. மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் தாடையைத் தாங்கி (தொண்டையை அமுக்காமல்), லேசாக முன்னே சாய்த்து முதுகை மேல்நோக்கி நீவுவது இன்னொரு வழி, எனக்குத் தெரிந்த பாட்டிகள் இதைத்தான் செய்கிறார்கள். பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் விடுங்கள், எல்லா வேளையும் ஏப்பம் வரணும் என்றில்லை. காற்றுப் போவதையே குறைக்க, காம்பு மட்டும் இல்லாமல் கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வையுங்கள். புட்டிப்பால் என்றால் நிப்பிளில் எப்போதும் பால் நிறைந்திருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள்.

பால் குடித்து அரை மணி கழித்து, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகிற திசையில் வெதுவெதுப்பான கையால் நீவி, சைக்கிள் மிதிப்பதுபோல் காலை மடக்கி நீட்டுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் முழங்கை மேல் குப்புறப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம். தூங்க வைப்பது மட்டும் மல்லாத்தித்தான்.

“நல்ல பாக்டீரியா சொட்டுன்னு ஒண்ணு எழுதியிருக்கார், விலை ஜாஸ்தி. தேவைதானா?”

லாக்டோபேசில்லஸ் ரியூடெரி என்று எழுதியிருந்தால், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைகளுக்கு அழுகை நேரத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. புட்டிப்பால் குழந்தைக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. வேறு பாக்டீரியா பெயர் இருந்தால் இந்தப் பதில் பொருந்தாது.

“எப்ப சொட்டை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?”

பச்சையாக வாந்தி எடுத்தால் அந்த நிமிடமே. குடல் அடைப்பாக இருக்கலாம். மலத்தில் ரத்தம், கல் மாதிரி இறுகிய வயிறு, தொடை இடுக்கில் புடைப்பு, ஒவ்வொரு வேளையும் பீய்ச்சியடிக்கிற வாந்தி, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் எதுவுமே வாயு இல்லை. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் அப்படியே. ராத்திரி வண்டி இல்லையென்றால் 108, ஆலோசனைக்கு 104.

தாய்ப்பால் குழந்தை நான்கைந்து நாள் வெளிக்குப் போகாமல் இருந்து, போகும்போது இளக்கமாகப் போனால் அது ஓட வேண்டிய விஷயம் இல்லை.

“பிறந்ததிலேயே தைராய்டு கம்மி, தினமும் மாத்திரை உரைச்சுக் கொடுக்கிறோம். கேஸ் சொட்டும் கூடவே கொடுக்கலாமா?”

கூடவே கூடாது. தைராக்ஸின் மாத்திரையைக் குடல் இழுத்துக்கொள்வதை சிமெத்திகோன் குறைத்துவிடும். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தும் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக வராமல், பிறகு விசாரித்தால் கேஸ் சொட்டு காரணமாக இருந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். காலையில் மாத்திரை, சொட்டு தேவைப்பட்டால் சாயங்காலம். கேஸ் சொட்டு கொடுப்பதை தைராய்டு பார்க்கும் டாக்டரிடம் பெயரோடு சொல்லுங்கள், பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. அவர் கேட்கும் மருந்துப் பட்டியலில் இதை யாரும் சொல்வதில்லை.